பழைய நகல் எத்தனை நேரம் செல்லும்?

வாசகர் கேள்வி – பதில்

இணையச் செயலிகளில் கேஷ் (அடிக்கடி கேட்கப்படும் தகவலின் நகலை விரைவில் எடுத்துத் தருவதற்காக வைத்திருக்கும் இடம்) பயன்படுத்துவது பற்றிய ஐயங்களை எழுதி அனுப்புமாறு சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பலருக்கும் பயன்படக்கூடியவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். கடிதங்கள் சிலவற்றில் வாடிக்கையாளர் விவரங்களும் நிறுவனங்களின் உள்விவரங்களும் இருந்ததால், ஊரை மட்டும் குறிப்பிட்டுப் பெயர்களைத் தவிர்த்துள்ளோம்.

கேள்வி: இணையத்தில் பின்னலாடை விற்கிறோம். பொருள்களின் எண்ணிக்கை பெருகியதிலிருந்து தளம் மிக மெதுவாகத் திறக்கிறது. ‘ரெடிஸ் போட்டால் சரியாகிவிடும்’ என்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது? (திருப்பூர்)

நகல்களை நினைவகத்தில் வைத்துத் தரும் ரெடிஸ் என்னும் மென்பொருளைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பக்கம் எத்தனை மில்லிவினாடி எடுத்துக்கொள்கிறது, அதில் தரவுத்தள வினவலுக்கு மட்டும் எவ்வளவு போகிறது என்பதை முதலில் அளந்து பாருங்கள். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு விற்பனைத் தளத்தைச் சரிபார்க்கச் சென்றிருந்தேன். வகைவாரிப் பட்டியல் திறக்க நான்கு வினாடி ஆகிறது என்பதற்காக, அதன் நகலைப் பத்து நிமிடக் கெடுவோடு ரெடிஸில் வைத்திருந்தார்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை யாரோ ஒரு வாடிக்கையாளர் அந்த நான்கு வினாடியைப் பொறுத்துக்கொண்டுதான் இருந்தார். வினவல் எப்படி இயங்குகிறது என்று தரவுத்தளத்திடமே கேட்டுப் பார்த்தபோது, வகை எண்ணுக்கு இன்டெக்ஸ் (தேடலை விரைவாக்கும் சுட்டுப் பட்டியல்) இல்லாததால் ஒவ்வொரு முறையும் முழு அட்டவணையையும் அது படித்துக்கொண்டிருப்பது தெரிந்தது. இன்டெக்ஸ் சேர்த்த பிறகு அந்தப் பக்கத்துக்கு நகலே தேவைப்படவில்லை.

அளந்து, திருத்த வேண்டியதைத் திருத்திய பிறகும் கேஷ் தேவைப்படலாம். அப்போது ‘எதை வைப்பது’ என்று கேட்பதற்கு முன், ‘இது எத்தனை நேரம் பழையதாக இருந்தால் பொறுக்கும்’ என்று ஒவ்வொரு தகவலுக்கும் கேட்டுக்கொள்ளுங்கள். கேஷில் உள்ள ஒவ்வொரு மதிப்பும் சற்று முன்பு சரியாக இருந்த ஒன்று. இப்போதும் அது சரிதானா என்பது கேஷுக்குத் தெரியாது. ஒரு பனியனின் படமும் துணி விவரமும் ஒரு நாள் பழையதாக இருந்தால் யாருக்கும் நட்டமில்லை. விலை, பட்டியல் பக்கத்தில் ஐந்து நிமிடம் பழையதாக இருக்கலாம். பணம் செலுத்தும் பக்கத்தில் தரவுத்தளத்திலிருந்து நேராக எடுத்ததாகவே இருக்க வேண்டும். கையிருப்பைப் பொறுத்தவரை, ‘சில மட்டுமே உள்ளன’ என்று காட்டுவதற்கு நகல் போதும், ஆனால் ஆர்டர் பதிவாகும்போது எண்ணிக்கையைக் கழிப்பது தரவுத்தளத்தின் பரிவர்த்தனைக்குள் (முழுதும் நடக்கும் அல்லது எதுவுமே நடக்காத ஒரே செயலுக்குள்) நடக்க வேண்டும். இந்தக் கெடுக்களை நிரலர் மட்டும் உட்கார்ந்து ஊகிக்கக் கூடாது. பழைய விலையில் ஒரு சரக்கு போய்விட்டால் யார் கையைக் கடிக்கும் என்பதை அறிந்த உரிமையாளரும் கணக்கரும் சேர்ந்துதான் முடிவு செய்ய வேண்டும்.

கேள்வி: தளத்தின் வடிவமைப்பை மாற்றினால் பல வாடிக்கையாளர்களுக்குப் பழையதே தெரிகிறது. கேஷ் பற்றி எந்த அமைப்பும் நாங்கள் செய்யவில்லை. பிறகு எப்படிப் பழைய நகல் வருகிறது? (மதுரை)

அமைப்பு எதுவும் செய்யாததுதான் காரணம். சர்வர் ஒன்றும் சொல்லாவிட்டால் உலாவி நகல் வைத்துக்கொள்ளாது என்பது பரவலான தவறான நம்பிக்கை. கோப்பு கடைசியாக மாறிய தேதியை மட்டும் சர்வர் அனுப்பினால், அன்றிலிருந்து கடந்த காலத்தில் சுமார் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்கு அந்த நகலை மறுகேள்வியின்றிப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்ற கணக்கை உலாவிகள் வைத்திருக்கின்றன. 2022-இல் வெளியான ஆர்எஃப்சி 9111 என்னும் கேஷ் தரநிலையும் இந்தப் பத்து விழுக்காட்டையே எடுத்துக்காட்டாகக் குறிப்பிடுகிறது. பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் உங்கள் ஸ்டைல் கோப்பு நூறு நாளாக மாறாமல் இருந்திருந்தால், அதை நேற்றுப் பெற்ற உலாவி இன்னும் ஒன்பது நாள் உங்களைக் கேட்காமலே பழையதைக் காட்டலாம்.

வழி எளியது. கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட ஓர் எண்ணைக் கோப்பின் பெயரிலேயே சேர்த்துவிடுங்கள், ‘ஸ்டைல்-48213.சிஎஸ்எஸ்’ என்பது போல. உள்ளே ஒரு எழுத்து மாறினாலும் பெயர் மாறிவிடும். புதிய பெயருக்குப் பழைய நகல் யாரிடமும் இருக்க முடியாது. தளத்தின் கோப்புகளைத் தொகுத்துத் தரும் இன்றைய பில்ட் கருவிகள் பலவும் இதைத் தாமே செய்துவிடும். இப்படிப் பெயரிட்ட கோப்புகளுக்கு ‘கேஷ்-கன்ட்ரோல்: பப்ளிக், மேக்ஸ்-ஏஜ்=31536000, இம்யூட்டபிள்’ என்ற ஹெடரை (பதிலோடு செல்லும் குறிப்புவரியை) அனுப்புங்கள். அந்த எண் ஓர் ஆண்டுக்குரிய வினாடிகள். ‘இம்யூட்டபிள்’ என்பது 2017-இல் தரநிலையாக வந்தது. பயனர் பக்கத்தைப் புதுப்பித்தாலும் இந்தக் கோப்பு மாறியிருக்கிறதா என்று கேட்க வேண்டாம் என்று உலாவியிடம் அது சொல்கிறது.

இந்தப் பெயர்களைத் தாங்கி நிற்கும் ஹெச்டிஎம்எல் பக்கத்துக்கு ‘நோ-கேஷ்’ அனுப்புங்கள். பெயரைப் பார்த்து ‘நகல் வைக்காதே’ என்று பொருள் கொள்கிறவர்கள் பலர். ‘வைத்துக்கொள், ஆனால் ஒவ்வொரு முறையும் என்னைக் கேட்காமல் பயன்படுத்தாதே’ என்பதே அதன் பொருள். நகலே வைக்கக் கூடாது என்றால் ‘நோ-ஸ்டோர்’ என்று சொல்ல வேண்டும். ‘நோ-கேஷ்’ உள்ள பக்கத்துக்கு உலாவி தன்னிடமுள்ள நகலின் பதிப்பைக் குறிக்கும் ஈடேக் அடையாளத்தைக் கொடுத்து விசாரிக்கும். பக்கம் மாறவில்லையென்றால் சர்வர் 304 என்ற எண்ணோடு, உள்ளடக்கமே இல்லாத ஒரு சிறு பதிலை அனுப்பும்.

ஒன்றை மறந்துவிடாதீர்கள். புதிய பதிப்பை ஏற்றும்போது பழைய எண்ணுள்ள கோப்புகளை உடனே நீக்க வேண்டாம். சற்று முன்பு பக்கத்தைத் திறந்து வைத்திருப்பவரின் உலாவி அவற்றைக் கேட்டு வரும். சில நாள் விட்டுவையுங்கள்.

கேள்வி: ‘கேஷ்’ என்பதற்குத் தமிழில் எந்தச் சொல்லைப் பயன்படுத்துவது? (தஞ்சாவூர்)

மறைத்து வைப்பது என்னும் பொருளுள்ள பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது இது. கணினியில் இந்தக் கருத்தை 1965-இல் பிரிட்டன் கணினி அறிவியலாளர் மாரிஸ் வில்க்ஸ் எழுதியபோது ‘ஸ்லேவ் மெமரி’ என்றுதான் அழைத்தார். 1968-இல் ஐபிஎம் அறிவித்த சிஸ்டம்/360 மாடல் 85 கணினியோடுதான் ‘கேஷ்’ என்ற பெயர் நிலைத்தது. ‘பதுக்கு’ என்ற வேரிலிருந்து ஒரு சொல்லை ஆக்கலாம்தான். ஆனால் நம் ஊரில் பதுக்கல் என்றால் அரிசி மூட்டையும் மண்ணெண்ணெயுமே நினைவுக்கு வருகின்றன. அதனால் அந்த அமைப்பைக் ‘கேஷ்’ என்றும், அதில் இருப்பதை ‘நகல்’ என்றும் எழுதுகிறேன். நகல் என்று சொல்லும்போதே மூலம் வேறிடத்தில் இருக்கிறது என்பது நினைவில் நிற்கும்.

கேள்வி: எங்கள் தளத்தில் ஒரு வாடிக்கையாளர் தம் கணக்கைத் திறந்தபோது வேறொருவரின் பெயரும் வீட்டு முகவரியும் தெரிந்ததாகப் படம் எடுத்து அனுப்பினார். பக்கத்தைப் புதுப்பித்ததும் சரியாகிவிட்டதாம். இரண்டு நாள் முன்புதான் சிடிஎன் சேர்த்தோம். இது தற்செயலா? (சேலம்)

தற்செயல் இல்லை. இதழ் வரும் வரை காத்திருக்காமல் இதற்கு மட்டும் தனியே பதில் அனுப்பிவிட்டேன். பிறருக்கும் நேரக்கூடியது என்பதால் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

சிடிஎன் (தளத்தின் நகல்களைப் பல இடங்களிலுள்ள சர்வர்களில் வைத்துத் தரும் சேவை) போன்ற பொதுக் கேஷ், ஒரு நகலை அடையாளம் காண்பது பெரும்பாலும் பக்கத்தின் முகவரியைக் கொண்டுதான். யார் கேட்கிறார் என்பதைச் சொல்லும் குக்கியை, நாம் சொன்னாலொழிய அது பார்ப்பதில்லை. ‘என் கணக்கு’ பக்கத்தின் முகவரி எல்லா வாடிக்கையாளருக்கும் ஒன்றே. முதலில் வந்தவருக்காகச் சர்வர் தயாரித்த பக்கம் சிடிஎன்னில் அமர்ந்துவிட்டால், அடுத்து அதே முகவரியைக் கேட்பவருக்கு அதுவே போகும். உங்கள் வாடிக்கையாளர் கண்டது இதைத்தான். புதுப்பித்ததும் சரியானது, இடையில் அந்த நகலின் கெடு முடிந்ததால் இருக்கலாம். குறை நீங்கிவிட்டதற்கு அது சான்றாகாது.

பெரிய நிறுவனங்களுக்கும் இது நேர்ந்திருக்கிறது. 2015 கிறிஸ்துமஸ் நாளில் ஸ்டீம் என்னும் விளையாட்டு விற்பனைத் தளத்தின் மீது பெரும் தாக்குதல் நடந்தது. வருகையைச் சமாளிப்பதற்காக அவசரமாக மாற்றப்பட்ட கேஷ் அமைப்பொன்று, உள்நுழைந்த பயனர்களின் பக்கங்களையும் நகலெடுத்துப் பிறருக்குக் கொடுத்துவிட்டது. ஒன்றரை மணி நேரத்தில் சுமார் 34,000 பேரின் விவரங்கள் பிறர் கண்ணில் பட்டிருக்கலாம் என்று நிறுவனமே அறிவித்தது. சிலருடைய முகவரி, கடன் அட்டையின் கடைசி இரண்டு இலக்கம், வாங்கிய பொருள்களின் பட்டியல் ஆகியவை அவற்றில் இருந்தன. நெருக்கடி நேரத்தில் அவசரமாகக் கேஷ் விதியை மாற்றுவது எவ்வளவு ஆபத்து என்பதற்கு இதைவிடத் தெளிவான நிகழ்ச்சி எனக்குத் தெரியவில்லை.

செய்ய வேண்டியவை இவை. சிடிஎன்னில் ஹெச்டிஎம்எல் நகலெடுப்பதை இப்போதே நிறுத்தி, இருக்கும் நகல்கள் அனைத்தையும் அழித்துவிடுங்கள். அடுத்து, உள்நுழைந்த பயனருக்குச் செல்லும் ஒவ்வொரு பதிலுக்கும் ‘பிரைவேட், நோ-ஸ்டோர்’ என்ற ஹெடரைச் சர்வரே இயல்பாகச் சேர்க்கும்படி செய்யுங்கள். ஒவ்வொரு பக்கத்தையும் எழுதுபவர் நினைவு வைத்துச் சேர்ப்பார் என்று விட்டுவிடக் கூடாது. ‘இவற்றைத் தவிர எல்லாவற்றையும் நகலெடு’ என்ற விதி இருந்தால், அதை ‘இவற்றை மட்டும் நகலெடு’ என்று மாற்றுங்கள். நாளை புதிதாக ஒரு பக்கம் சேரும்போது அது தானாகவே பாதுகாப்பான பக்கத்தில் நிற்கும். குக்கியை அமைக்கும் பதில் எதுவும் பொதுக் கேஷில் அமரவே கூடாது. அமர்ந்தால், ஒருவரின் உள்நுழைவையே இன்னொருவர் கையில் கொடுத்ததாகிவிடும்.

பிறகு இரண்டு உலாவிகளில் இரண்டு கணக்குகளோடு உள்நுழைந்து பாருங்கள். கணக்குப் பக்கத்தின் பதிலில் ‘ஏஜ்’ என்ற ஹெடர் தென்பட்டால், அது ஏதோ ஒரு கேஷிலிருந்து வந்தது என்று பொருள். தென்படவில்லை என்பதாலேயே நிம்மதி கொள்ளாமல், பெயர் மாறுகிறதா என்பதையும் கண்ணால் பாருங்கள். இவை எல்லாவற்றையும் போலவே இன்றியமையாதது ஒன்று உண்டு: யாருடைய முகவரி பிறருக்குத் தெரிந்ததோ, அவருக்கு நடந்ததைச் சொல்லுங்கள். அவர் உங்களை நம்பிக் கொடுத்த முகவரி அது.

கேள்வி: எங்களுடையது செய்தித் தளம். முகப்பை அறுபது வினாடிக் கெடுவோடு கேஷில் வைத்திருக்கிறோம். சாதாரண நாளில் சிக்கல் இல்லை. முக்கியச் செய்தி வரும் நாளில், சரியாகக் கெடு முடியும் நேரத்தில் சர்வர் விழுந்துவிடுகிறது. (யாழ்ப்பாணம்)

கணக்காகப் பார்த்தால் காரணம் புலப்படும். முகப்பைக் கட்ட இரண்டு வினாடி ஆகிறது, வினாடிக்கு 300 பேர் வருகிறார்கள் என்று கொள்வோம். நகல் காலாவதியாகும் கணத்திலிருந்து புதிய நகல் வந்து அமரும் வரை வருகிற 600 பேருக்கும் கேஷ் ‘இல்லை’ என்றே சொல்லும். அந்த 600 பேருக்காகவும் சர்வர் அதே முகப்பை ஒரே நேரத்தில் 600 முறை கட்ட முனைகிறது. தரவுத்தளம் திணறுவதால் இரண்டு வினாடி இருபது வினாடியாகிறது. அதற்குள் மேலும் ஆறாயிரம் பேர் வந்து சேர்கிறார்கள். சாதாரண நாளில் வினாடிக்கு மூன்று பேர் வந்தால் ஆறு முறைதான் கட்டப்படும் என்பதால் உங்கள் கண்ணில் படவில்லை. மந்தை மிரண்டு ஓடுவதைக் குறிக்கும் ‘ஸ்டாம்பீட்’ என்ற சொல்லால் இதைச் சொல்கிறார்கள்.

ஒருவர் மட்டும் புதிய நகலைத் தயாரிக்க, மற்றவர்கள் அதுவரை பழையதைப் பெறவேண்டும். தீர்வுகள் எல்லாம் இதன் வடிவங்களே. உங்களுக்கு மிக எளிதில் கைகொடுப்பது 2010-இல் ஆர்எஃப்சி 5861 வரையறுத்த இரண்டு சொற்கள். ‘மேக்ஸ்-ஏஜ்=60, ஸ்டேல்-வைல்-ரீவேலிடேட்=300, ஸ்டேல்-இஃப்-எரர்=86400’ என்று அனுப்பினால், அவற்றை மதிக்கும் கேஷ், அறுபது வினாடி கழிந்த பிறகும் மேலும் ஐந்து நிமிடம் வரை பழைய முகப்பைக் கொடுத்துக்கொண்டே பின்னணியில் புதியதை வாங்கிவரும்; உங்கள் சர்வர் பிழை காட்டினால் ஒரு நாள் வரை பழையதை வைத்துச் சமாளிக்கும். செய்தித் தளத்துக்கு வெற்றுப் பிழைப் பக்கத்தைவிட ஒரு மணி நேரப் பழைய முகப்பு எவ்வளவோ மேல். நிரலுக்குள் ரெடிஸ் பயன்படுத்துகிறீர்கள் என்றால், புதிதாகக் கட்டப் போகிறவர் முதலில் ஒரு பூட்டுச் சாவியை (சாவி என்பது கேஷில் ஒரு மதிப்பைத் தேட உதவும் பெயர்) எழுதட்டும். ஏற்கனவே இருந்தால் எழுதாதே என்னும் ‘என்எக்ஸ்’ குறிப்போடு எழுதினால் ஒருவருக்கு மட்டுமே அது கிடைக்கும். அந்தப் பூட்டுக்கும் சில வினாடிக் கெடு வையுங்கள். பூட்டியவரின் நிரல் இடையில் இறந்துபோனால் யாருமே கட்ட முடியாமல் போய்விடும். நூற்றுக்கணக்கான கட்டுரைகளை ஒரே நேரத்தில் கேஷில் ஏற்றினால் அவை ஒரே நேரத்தில் காலாவதியாகும் என்பதால், 600 வினாடியோடு பூச்சியம் முதல் அறுபது வரை ஏதாவது ஓர் எண்ணைச் சேர்த்து விடுங்கள்.

பிழை வரும்போது நகலை அழிக்காதீர்கள் என்பதையும் சொல்ல வேண்டும். 2010 செப்டம்பர் 23 அன்று ஃபேஸ்புக் சுமார் இரண்டரை மணி நேரம் முடங்கியது. கேஷில் தவறான அமைப்பு மதிப்பைக் கண்டால் தரவுத்தளத்திலிருந்து சரியானதை எடுத்துவரும் ஒரு தானியங்கி ஏற்பாடு அங்கே இருந்தது. அன்று தரவுத்தளத்தில் இருந்த மூல மதிப்பே செல்லாததாகக் கருதப்பட்டது. எல்லாச் சர்வர்களும் தரவுத்தளத்தை நோக்கிப் பாய்ந்தன. தரவுத்தளம் பிழை காட்டியபோது, அந்தப் பிழையையும் தவறான மதிப்பென்றே கொண்டு, கேஷில் இருந்த சாவியையும் அழித்தன. அதனால் மேலும் வினவல்கள் எழுந்தன. மூலக் கோளாறு சரிசெய்யப்பட்ட பிறகும் அந்தச் சுழல் நிற்கவில்லை. தளத்தையே நிறுத்தி, தரவுத்தளத்துக்கு மூச்சுவிட இடம் கொடுத்த பிறகுதான் மீட்க முடிந்தது.

கேள்வி: தரவுத்தளத்தில் மதிப்பை மாற்றியதும் கேஷில் உள்ள சாவியை நீக்கிவிடுகிறோம். அப்படியும் சில நேரம் பழைய மதிப்பு தங்கிவிடுகிறது. எழுதும் முறைகளில் எது சரி? (நாகர்கோவில், பொறியியல் மாணவி)

நுட்பமான கேள்வி, இதைக் கவனித்ததற்கே உங்களைப் பாராட்ட வேண்டும். நடப்பதை மெதுவாகப் பார்ப்போம். வாசிக்கும் நிரல் கேஷில் தேடுகிறது; இல்லை. தரவுத்தளத்துக்குப் போய் விலை 450 என்று படித்துக்கொள்கிறது. கேஷில் எழுதுவதற்கு முன் ஏதோ காரணத்தால் அரை வினாடி தடைப்படுகிறது. அந்த இடைவெளியில் வேறொரு நிரல் விலையை 400 ஆக மாற்றி, கேஷில் சாவியை நீக்கிவிட்டுப் போகிறது. அங்கே நீக்க எதுவுமே இல்லை. இப்போது முதல் நிரல் விழித்து, கையில் இருந்த 450-ஐக் கேஷில் எழுதுகிறது. கெடு வைக்கவில்லை என்றால் அந்த 450 அங்கேயே இருந்துவிடும்.

இதே சிக்கலுக்கு ஃபேஸ்புக் பொறியாளர்கள் 2013-இல் வெளியிட்ட ஆய்வுரையில் ‘லீஸ்’ என்ற வழியைச் சொன்னார்கள். ‘இல்லை’ என்று சொல்லும்போதே கேஷ் ஒரு சீட்டைக் கொடுக்கும். இடையில் சாவி நீக்கப்பட்டால் அந்தச் சீட்டு செல்லாது. செல்லாத சீட்டோடு எழுத வருபவரைக் கேஷ் ஏற்காது. ஒரு சாவிக்குப் பத்து வினாடிக்கு ஒருமுறைதான் சீட்டு என்று வைத்ததில், நெரிசல் மிகுந்த ஒரு தொகுதிச் சாவிகளுக்கான உச்ச வினவல் வினாடிக்கு 17,000-இலிருந்து 1,300 ஆகக் குறைந்ததாகவும் அதில் எழுதியிருக்கிறார்கள்.

பாடநூலில் வரும் பெயர்களைப் பொறுத்தவரை, தரவுத்தளத்திலும் கேஷிலும் ஒருசேர எழுதுவது ‘ரைட்-த்ரூ’. கேஷில் எழுதிவிட்டுத் தரவுத்தளத்தில் பின்னர் எழுதுவது ‘ரைட்-பிஹைண்ட்’. பின்னதில் இடையே மின்சாரம் போனால் எழுதியது தொலையும் என்பதால், பார்வை எண்ணிக்கை போன்றவற்றுக்கு வைத்துக்கொள்ளலாம், பணத்துக்குக் கூடாது. பெரும்பாலான தளங்களுக்கு உங்கள் முறையே போதும். சாவியை நீக்குவது பரிவர்த்தனை உறுதியான பிறகு நடக்கட்டும். ஒவ்வொரு சாவிக்கும் கெடு கட்டாயம் இருக்கட்டும்.

கேள்வி: ரெடிஸா, மெம்கேஷ்டியா? (ஓசூர்)

லைவ்ஜர்னல் என்னும் வலைப்பதிவுத் தளத்துக்காக 2003-இல் பிராட் ஃபிட்ஸ்பாட்ரிக் எழுதிய மெம்கேஷ்டி, சாவி கொடுத்தால் மதிப்பைத் தருவதோடு நின்றுவிடுகிறது. அதைச் சிறப்பாகச் செய்கிறது. 2009-இல் சால்வடோரே சான்ஃபிலிப்போ வெளியிட்ட ரெடிஸில் பட்டியல், வரிசைப்படுத்திய தொகுதி, வட்டில் சேமிப்பு எல்லாம் உண்டு. 2024-இல் அதன் உரிமம் மாறியதால் லினக்ஸ் அறக்கட்டளையின் கீழ் வால்கீ என்ற கிளை தோன்றியது. அதுவும் நல்ல தேர்வே. ரெடிஸைத் தேர்ந்தால் நினைவக உச்சவரம்பை நீங்களே அமைத்து, நிரம்பும்போது நெடுநேரம் பயன்படுத்தப்படாதவற்றை வெளியேற்றும் ‘ஆல்கீஸ்-எல்ஆர்யு’ கொள்கையையும் வையுங்கள். இயல்பாக இருக்கும் கொள்கை எதையும் வெளியேற்றாது; வரம்பு நிரம்பியதும் புதிதாக எழுத வருபவற்றுக்குப் பிழையே கிடைக்கும்.

கேள்வி: எங்கள் கேஷின் ஹிட் விகிதம் 99 விழுக்காடு. இனி கவலையில்லை என்று சொல்லலாமா? (கோயம்புத்தூர்)

கேட்டவற்றில் கேஷிலேயே கிடைப்பவற்றின் பங்குதான் ஹிட் விகிதம். அது தொண்ணூறிலிருந்து 99-க்கு வருவது சிறு முன்னேற்றம் போலத் தோன்றும். ஆயிரம் கோரிக்கைக்குத் தரவுத்தளத்தை எட்டுபவை நூறிலிருந்து பத்தாகக் குறைகின்றன என்று பார்த்தால்தான் அதன் அளவு புரியும். நல்ல வேலை செய்திருக்கிறீர்கள். ஆனால் அதே கணக்கைத் திருப்பிப் போடுங்கள். கேஷ் சர்வர் மறுதொடக்கமாகி வெறுமையாக எழுந்தால், வினாடிக்குப் பத்துக் கேள்விகளுக்குப் பழகிய தரவுத்தளத்துக்கு ஆயிரம் வந்து சேரும். உங்கள் தரவுத்தளத்தை எந்தச் சுமைக்கு அளவெடுத்தீர்கள்? அதிகம் கேட்கப்படும் சில நூறு சாவிகளை முன்கூட்டியே நிரப்பும் சிறு நிரலொன்றை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தரவுத்தளத்துக்கு ஒரே நேரத்தில் செல்லும் இணைப்புகளுக்கு வரம்பும் வையுங்கள். பிறகு வருகை மிகக் குறைந்த ஒரு நாளின் அதிகாலை நான்கு மணிக்கு, குழுவினர் அனைவருக்கும் சொல்லிவிட்டு, கேஷை நீங்களே வெறுமையாக்கி, தரவுத்தளம் எத்தனை நிமிடத்தில் இயல்புக்குத் திரும்புகிறது என்று குறித்து வையுங்கள். அந்த எண்ணிக்கையை எழுதி அனுப்பினால், அடுத்து என்ன செய்யலாம் என்று பார்ப்போம்.